முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டின் வேலையின்மை விகிதம் இத்தனை சதவீதம் என்று மாதாமாதம் தங்கள் நாளிதழில் வரும் செய்தியை இப்போதெல்லாம் நான் தேடிப் படிக்கிறேன். முன்பு படித்ததில்லை. 2025 ஜூலையில் அந்தக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீடும் தேர்வானதுதான் காரணம். தொடர்ந்து நான்கு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் அச்சடிக்கும் அந்த எண்ணுக்குள் நானும் இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்றும், என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி எது என்றும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை மாவட்டம் சோமனூர் பக்கத்து ஊர்க்காரி. வயது 51. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லராக இருந்தேன். அதற்கு முன் 23 வருஷம் எங்கள் சொந்தத் தறிக்குடோனில் வேலை. பிறந்த ஊர் கோயமுத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கம். அப்பா மில் தொழிலாளி. எனக்கு ஒரே மகள். கோவையில் புள்ளியியல் படிக்கிறாள். இந்தக் கடிதத்தில் படிப்பாளிகள் விஷயமாக வருவதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வந்தவர் இளவயதுத் தம்பி. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. 'காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு' என்று பெயர் சொன்னார். 2017-இல் தொடங்கியது என்றும், 2025 ஜனவரியிலிருந்து மாதாமாதம் முடிவு வெளியிடுவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்ந்து நான்கு மாதம் வருகிறோம் என்றும் விவரமாகச் சொன்னார். முதல் தடவை நான் கம்பெனியில் இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் என் பதிலையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு லீவு உண்டா, பி.எஃப். உண்டா என்று நிறையக் கேட்டாராம். அப்புறம் போன ஏழு நாள் கணக்கு. திங்கட்கிழமை எத்தனை மணி நேரம், செவ்வாய் எத்தனை மணி நேரம் என்று நாள்வாரியாக எழுதிக்கொண்டார். அந்த வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு எழுந்திருப்போம்.

ஆகஸ்டில் அவர் வந்தபோது ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகிவிட்டது. அமெரிக்கா ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம் வரி போட்டு, 27-இல் அதை 50 ஆக்கியது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கம்பெனி சரக்கில் பெரும்பகுதி அந்த ஊருக்குப் போவது. செப்டம்பரில் திங்கள், செவ்வாய், புதன் மட்டும் வேலை. அக்டோபர் 20 தீபாவளி. போனஸ் கவரைக் கையில் கொடுக்கும்போதே காண்ட்ராக்டர், "ஆர்டர் வந்ததும் நாங்களே போன் பண்றோமுங்கக்கா, அது வரைக்கும் வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். போன் வரவில்லை. மாதக் கடைசியில் கணக்கெடுக்கும் தம்பி நான்காவது தடவையாக வந்தார். அந்த ஏழு நாளில் நான் பார்த்த வேலை இதுதான்: பக்கத்து வீதியில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு வீட்டில் வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டினேன். 120 ரூபாய் கிடைத்தது.

"அப்படின்னா நீங்க வேலையில இருக்கீங்கன்னுதானுங்கக்கா வரும்" என்றார் அவர்.

எப்படி என்று கேட்டேன். ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் சம்பாத்தியத்துக்காக வேலை செய்திருந்தாலும் அந்த வாரம் வேலையில் இருந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வோம், உலகம் முழுக்க இதுதான் முறை என்றார். மகளும் அதைத்தான் சொன்னாள். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிவத்தில் இருந்ததை மரியாதையாகக் கேட்டார், சொன்னதைச் சொன்னபடி எழுதினார். மணிக்கணக்கும் அவரிடம் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளுக்கு வரும் ஒற்றை எண்ணில், ஜூலையில் ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு பார்த்த நானும் அக்டோபரில் மூன்று மணி நேரம் பிசிர் வெட்டிய நானும் ஒன்று. நான்கு மாதமும் நான் வேலையில் இருந்தவள்.

இது மட்டும் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அவர் கிளம்பும்போது, "வேற ஏதாச்சும் சொல்லணுமுங்களாக்கா?" என்று கேட்டார். 23 வருஷம் தறி ஓட்டினோமே, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். கொஞ்ச நேரம் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அதுக்கு இதுல இடமில்லீங்க்கா" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தறிகளைப் பற்றிச் சொல்கிறேன். 1995-இல் நான் கல்யாணமாகி வந்தபோது குடோனில் எட்டுச் சாதா விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கூலிக்கு நெசவு. ஜவுளிக்காரர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், துணியை நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். வீட்டுக்காரர் ஒரு ஷிப்டு, நான் ஒரு ஷிப்டு. இடையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது என் வேலை. ஒரு பாவு முடிந்து, பாவு சுற்றிய அடுத்த உருளையை, அதாவது பீமை, ஏற்றினால், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்க ஆள் வருவார். அவருக்கு இழை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். தறிச் சத்தத்தில் பேச முடியாது. வாய் அசைவைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சந்தையில் எதிரெதிர்ப் பக்கம் நின்றால் சத்தமில்லாமல் பேசிக்கொள்வோம்.

2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது. வாரக் கூலி தங்கியது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. துணி தேங்கியது, பாவு வருவது குறைந்தது. 2018 ஆடியில் எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டோம். லாரியில் ஏற்றுவதற்கு வசதியாக அங்கேயே உடைத்தார்கள். எங்கள் மாமனார் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி, அன்றைக்கு எங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு வேலை போனது? எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு என்று நான் சொல்வேன். கணக்கெடுப்பின் பாஷையில் அவர் சுயதொழில் செய்தவர், நான் வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் கூடமாட உதவி செய்தவள். சுயதொழிலை நிறுத்தியவரை யாரும் வேலை இழந்தவர் என்று எழுதமாட்டார்கள். உதவி செய்தவளை எழுதவே மாட்டார்கள். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு டீச்சர் ஒருவர் வந்தபோது நான் தறியில் நின்றுகொண்டிருந்தேன். மாமனார் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். "மருமக வீட்டுலதான் இருக்குதுங்க." அப்படித்தான் எழுதியிருப்பார்கள். இல்லாத வேலை எப்படிப் போகும்?

அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். 1964-இல் பதலியாக, அதாவது வராதவருக்கு மாற்றாளாகப் போனார். அப்புறம் நிரந்தரம். நிறைந்த நூல் கட்டையை எடுக்கும் டாபராக இருந்து, நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் ஆனார். 32 வருஷம் ஒரே மில், ஒரே டிக்கெட் நம்பர். 1996-இல் மில் மூடியது. கணக்குப் பணம் வர வருஷக்கணக்கில் ஆனது. இருந்தாலும் அப்பாவிடம் யாராவது எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள், ஏன் நின்றீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருப்பார். முப்பத்திரண்டு வருஷம், மில்லை மூடிவிட்டார்கள். நோட்டீஸ் ஒட்டிய தேதி வரை சொல்வார். என்னிடம் கேட்டால் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

கம்பெனிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஐப்பசியில் 44 வயதில் டெய்லருக்கு உதவியாளாகக் கைமடிக்கச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓவர்லாக் பழகினேன். ஏழு வருஷம் ஒரே கட்டடம், ஜன்னல் ஓரத்தில் ஒரே மெஷின். ஆனால் காண்ட்ராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மகள் என் பி.எஃப். பாஸ்புக்கைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். ஆளுக்கு ஒன்றாகத் தரும் யு.ஏ.என். என்ற எண் ஒன்றுதான், அதற்குள் மூன்று கணக்கு எண். காகிதத்தின்படி நான் மூன்று முதலாளியிடம் வேலை பார்த்தவள், மூன்றாவது முதலாளியிடம் ஒன்றரை வருஷம்தான். கொரோனா ஊரடங்கில் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்ததை இடைவெளி என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா? பொங்கலுக்குக் கணக்கு முடித்துக்கொண்டு தை கடைசியில் திரும்ப அதே கம்பெனிக்கு வரும் வழக்கம் திருப்பூரில் எத்தனை பேருக்கு இருக்கிறது, அவர்களுக்கெல்லாம் எது முதல் நாள்?

தொழில் மாறியதும் இப்படித்தான் காணாமல் போகிறது. நாட்டில் உள்ள எல்லாத் தொழிலுக்கும் 'தேசியத் தொழில் வகைப்பாடு 2015' என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மகள் அதை எனக்குக் காட்டினாள். மில்லில் நூல் நூற்பதற்கும் தார் சுற்றுவதற்கும் 8151. தறி ஓட்டுவதற்கு 8152. கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுவதற்கு 8153. அடுத்தடுத்த வீட்டு நம்பர் போல இருக்கிறதே என்றேன். அதற்கு அவள், "அம்மா, கணக்கெடுப்புல மூணு இலக்கம் வரைக்கும்தான் எழுதுவாங்க. எல்லாமே 815தான்" என்றாள்.

அப்பா 815. நான் தறியில் நின்றபோது 815. தறியை உடைத்துக் கொடுத்துவிட்டு, சோமனூரிலிருந்து விடிகாலை கம்பெனி வேன் ஏறி, மகள் வயதுப் பெண்களிடம் திட்டு வாங்கி, விரலில் ஊசி ஏறி, புதுத் தொழில் பழகியபோதும் 815. என் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அந்த மூன்று இலக்கத்துக்குள் அசையாமல் நிற்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது ஒரு நூல் மில்லில் ராத்திரி செக்யூரிட்டி. அவருக்கு மட்டும் எண் மாறியிருக்கிறது. அதுவும், முந்தின எண் என்ன என்று யாராவது கேட்டால்தானே தெரியும்.

கேட்க முடியாத கேள்வியா இது? கேட்கிறார்கள். எங்கள் பனியனுக்கு 50 சதவீதம் வரி போட்ட அதே அமெரிக்காவில் கேட்கிறார்கள். அங்கே மாதாமாதம் சுமார் 60,000 வீடுகளில் நம்மூரைப் போலவே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜனவரி மாதத்தில் அதோடு கூடுதலாகச் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கடந்த மூன்று வருஷத்தில் உங்களுக்கு வேலை போனதா? கம்பெனி மூடியதாலா, இடம் மாறியதாலா, வேலை போதாததாலா, உங்கள் ஷிப்டையோ பதவியையோ எடுத்துவிட்டதாலா? அங்கே எத்தனை வருஷம் இருந்தீர்கள்? அப்போது என்ன சம்பளம், இப்போது என்ன சம்பளம்? 1980-களின் தொடக்கத்தில் அங்கே இரும்பு ஆலைகளும் கார்த் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து மூடியபோது, வேலை போன தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகளை 1984 ஜனவரியில் தொடங்கினார்கள். கூடவே, இப்போதைய முதலாளியிடம் தொடர்ச்சியாக எத்தனை காலமாக இருக்கிறீர்கள், போன வருஷம் இதே மாதம் இதே தொழில்தான் பார்த்தீர்களா என்றும் எல்லோரிடமும் கேட்கிறார்கள். 2024 ஜனவரிக் கணக்கில், ஒரே முதலாளியிடம் இருந்த காலத்தின் நடு அளவு 3.9 வருஷம். அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். திருப்பூருக்கு அப்படி ஒரு எண் இருந்தால் என்னவாக இருக்கும்? சோமனூருக்கு? பள்ளிபாளையத்துக்கு?

அதை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் சரியாக வராது. மகள் அந்தப் படிவத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். வேலை போனதற்கான காரணங்களில் 'சொந்தத் தொழில் நொடித்தது' என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவரை அவர்கள் வேலை பறிபோனவர் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டியவர் எங்கள் ஊரில் முதலாளி கிடையாது. பாவு அடுத்தவருடையது, நூல் அடுத்தவருடையது, கூலியை முடிவு செய்வதும் அடுத்தவர். 2022-லும் 2025-லும் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடியது விலை உயர்வுக்காக அல்லவே, கூலி உயர்வுக்காகத்தானே. நம் கணக்கெடுப்பில் இவர்களையும் வேலை போனவர்களாக எழுத வேண்டும். அவர்களோடு நின்ற பெண்களையும் தனியாக, அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது, கேட்கும் வார்த்தை. இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

கார்த்திகை மாதம் மகளும் நானும் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீதியில் தெரிந்தவர்கள் சில பேரிடம் போனோம். அவள் படிப்புக்காக இல்லை, எங்கள் மனசுக்காக. முதல் வீட்டில் அவள் "கடந்த மூன்று வருஷத்துல உங்களுக்கு வேலை போச்சுங்களா?" என்று கேட்டாள். அந்த அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் இல்ல சாமி, நம்மள யாரு போகச் சொல்லுவாங்க" என்றார். அவர் என்னோடு அதே கம்பெனியில் இருந்தவர். அதே தீபாவளிக்கு அதே வார்த்தை கேட்டு வீட்டுக்கு வந்தவர். அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை.

வேலை போச்சு என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. திருட்டு, சண்டை என்று ஏதோ செய்து துரத்திவிட்டார்கள் என்ற அர்த்தம் அதில் வந்துவிடும். 'நின்னுட்டேன்' என்போம். 'கணக்கு முடிச்சுக்கிட்டேன்' என்போம். 'கம்பெனி ஆறப் போட்டிருக்குது', 'வேலை கம்மி', 'ஆர்டர் வரல.' கேட்டவர் படிவத்தில் 'தானாக விலகினார்' என்று எழுதிக்கொள்வார். நிற்கச் சொல்லி எழுத்தில் ஒரு வரி யாரிடமும் இல்லை. 2018-இல் வந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலை பறிபோனவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் உண்டு என்று மகள் படித்துச் சொன்னாள். புதிய தொழிலுறவுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகை, வேறு தொழில் பழக உதவும் மறுதிறன் நிதியிலிருந்து கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆட்குறைப்பு என்று எங்கள் யாருக்கும் நடக்கவில்லை. எங்களுக்கு நடந்தது ஒரு போன் வராமல் போனது.

நாலாவது வீட்டில் நான் கேட்டேன். "கண்ணு, நீ நின்னதுக்கப்புறம் உன்ற மெஷின்ல வேற ஆளு உக்காந்திருக்குதா?" அந்தப் பெண் சட்டென்று, "எங்கீங்க்கா, மெஷினையே துணி போட்டு மூடி வச்சுட்டாங்க. எங்க லைனே இல்ல" என்றாள். அப்புறம் அரை மணி நேரம் அவளாகவே சொன்னாள். இந்த ஒரு கேள்வியை அந்தப் படிவத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். ஆள் தானாக நின்றாரா, நிறுத்தினார்களா என்று ஆளிடம் கேட்டால் மானம் குறுக்கே வரும். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாரா என்று கேட்டால் பதில் வரும். வந்திருந்தால் ஆள் மாறியிருக்கிறது. வரவில்லை என்றால் வேலையே போயிருக்கிறது.

வருஷம் கேட்கும் விதமும் அப்படித்தான். எங்கள் வீதிக் கடைசியில் ஒரு பெரியவர், முன்பு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எந்த வருஷம் நின்றீர்கள் என்றால் "இருக்கும் ஒரு எட்டு, பத்து வருஷம்" என்றார். "டையிங் எல்லாம் கோர்ட்டுல மூடுனாங்களே, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி கடைசியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவர் கேட்டில் பூட்டைப் பார்த்ததும், பேரனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததும் வரிசையாக வந்தது. அமெரிக்காவில்கூட முதலில் ஐந்து வருஷக் கதை கேட்டிருக்கிறார்கள், 1994 முதல் மூன்று வருஷம் என்று குறைத்துக்கொண்டார்கள். மனுஷர்களுக்குத் தேதி நிற்காது. ஆனால் டையிங் மூடியது, நோட்டு செல்லாமல் போனது, கொரோனா, ட்ரம்ப் வரி என்று கேட்டால் கொங்கு நாட்டில் எவரும் அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தப்பில்லாமல் சொல்வார்கள். கணக்கெடுக்க வருபவர் கையில் அந்தந்தப் பகுதிக்கு ஒரு காலவரிசைச் சீட்டு இருக்க வேண்டும்.

வடக்கிருந்து வந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மெஷினுக்குப் பின்னால் ஒடிசாப் பெண் ஒருத்தி பேட்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். செப்டம்பரில் மூன்று நாள் வேலை என்றதும் மெஸ் காசுக்கே கட்டுப்படியாகவில்லை என்று ரயில் ஏறிவிட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆர்டர் வந்தா போன் பண்ணு" என்று தமிழிலேயே சொன்னாள். அவளுக்கு வேலை போனது திருப்பூரில். யாராவது கேட்டால் கேட்பது அவள் ஊரில். அங்கே அவள் வயலில் இறங்கியிருந்தால் வேலையில் இருக்கிறாள். திருப்பூர் வேலை போன கணக்கு எந்த மாநிலத்துப் புத்தகத்திலும் ஏறாது. முன்பு எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் ஏறும்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரரே கேட்டார். தறி போனவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாமலேயே தொழில் பயிற்சி என்று நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் 35 வயதுக்குள் என்றார்கள். தறியை எடைக்குப் போட்டவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். எத்தனை வருஷ அனுபவத்தோடு, எந்த வயதில், எந்தத் தொழிலை விட்டு எதற்குப் போனார்கள், கூலி ஏறியதா இறங்கியதா என்ற கணக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் அந்த முகாமின் வயது வரம்பை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். 23 வருஷம் பாவு அறுந்தால் இருட்டில்கூடக் கண்டுபிடித்துக் கட்டிய கை, 44 வயதில் கைமடி ஹெல்ப்பராகக் கடைசிச் சம்பளத்தில் தொடங்கியது. அந்தக் கைக்கு வேறு எங்காவது நல்ல இடம் இருந்திருக்கலாம். கேட்டவர் யாரும் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழ் வழியாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்துக்கும் தமிழக அரசின் தொழிலாளர் துறைக்கும் என் கோரிக்கை இது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூடுதல் கேள்விகளைக் கேளுங்கள். நாடு முழுக்க நாளாகும் என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் இந்த ஐந்து மாவட்டத்தில் தொடங்குங்கள். மில், தறி, சாயம், பனியன், கரூர்ப் போர்வை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பூமி இது. தொழில் எண்ணை நான்கு இலக்கத்துக்கு எழுதுங்கள். கட்டடம் எத்தனை வருஷம், காண்ட்ராக்டர் எத்தனை வருஷம் என்று இரண்டையும் கேளுங்கள். வீட்டுத் தொழிலில் நின்ற பெண்ணை அவளிடமே கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2027 பிப்ரவரியில் எப்படியும் எல்லா வீட்டு வாசலுக்கும் ஆள் வரப்போகிறார்கள். அதற்கு முன் பயிற்சி வகுப்புகள் நடக்கும். பெண்களின் வேலையை எப்படிக் கேட்டு எழுதுவது என்று அங்கே எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரைப் பேச விடலாம். நான் வரத் தயார்.

எங்கள் வீட்டுக்கு அந்தத் தம்பி இனி வரமாட்டார். நான்கு மாதம் முடிந்துவிட்டது. மார்கழியில் இன்னொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். ஓவர்லாக் இல்லை, செக்கிங். பழைய கம்பெனியில் வாங்கியதைவிட நாளுக்கு 90 ரூபாய் குறைவு. சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் மகள் அந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தறிக்காரியாக இருந்த ஒரு வாசகி,
சோமனூர்.